"மகள் அமெரிக்காவிலை பிறந்தவ"

என் கணவருக்கு ஒரு பழக்கம். யாரைக் கண்டாலும், எதைப் பற்றிக் கதை தொடங்கினாலும், கொஞ்ச நேரத்துக்குள் "மகள் அமெரிக்காவிலை பிறந்தவ" என்று சொல்லிவிடுவார். சுவிஸில் நாங்கள் இருக்கும் பீல் நகர ரயில் நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மழை பெய்தால், "நியூ ஜேர்சியிலையும் உப்பிடித்தான், மகள் அங்கை பிறக்கேக்கை..." என்று தொடங்குவார். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் சொல்லமாட்டார். வாயைக் கொப்பளித்த கையோடு சொல்லிவிடுவார். இந்த ஒரு வசனம் எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். எழுதும்போது கோபம் வரும். வந்தால் வரட்டும்.

அவள் அங்கே பிறந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. தலைப்பிள்ளைக்குத் தாய்தான் பிள்ளைப்பேறு பார்க்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். மகளுக்கு நாள் நெருங்கினால் தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடுவாள். மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பாள், கொதிநீர் ஆவியில் வேது பிடிப்பாள், பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து வார்ப்பாள். என் அம்மா அப்போது நியூ ஜேர்சியில் அண்ணாவோடு இருந்தார். அண்ணா படிக்கப் போய், அங்கேயே பொறியியலாளராகி, அம்மாவைக் கூப்பிட்டு எடுத்திருந்தார். அம்மாவின் அமெரிக்கப் பத்திரங்கள் இன்னும் முடிந்திருக்கவில்லை. இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது கஷ்டம் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டாராம். தாய் வரமுடியாவிட்டால் மகள் போகவேண்டியதுதானே. எனக்குச் சுவிஸில் ஒழுங்கான அனுமதி இருந்தது, வேலை இருந்தது, விசா கிடைத்தது. தடித்த குளிர் அங்கிக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அமெரிக்காவுக்காக நான் போகவில்லை. அம்மாவின் மிளகு ரசத்துக்காகப் போனேன்.

பிள்ளையோடும் ஒரு நீலக் கடவுச்சீட்டோடும் திரும்பி வந்தபோது, பிள்ளையைத் தூக்கிப் பார்த்தவர்களைவிடக் கடவுச்சீட்டைத் தூக்கிப் பார்த்தவர்கள்தான் அதிகம். லொறிக்குள் மறைந்தும், ஆற்றைக் கடந்தும், அடுத்தவரின் பெயரில் விமானம் ஏறியும் வந்து சேர்ந்த ஆட்கள் நாங்கள். ஒரு கடவுச்சீட்டின் பெறுமதி எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. "எதுக்கும் இருக்கட்டும்" என்பார்கள் எங்கள் ஆட்கள். பழைய ரசீதையும் இப்படித்தான் வைத்திருப்பார்கள், உடைந்த தையல் மெசினையும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். நாங்கள் அமெரிக்காவை அப்படி வைத்திருந்தோம்.

அது இருந்ததாலேயே மற்றதற்கு விண்ணப்பிக்கவில்லை. இலங்கைத் தூதரகத்தில் அவளைப் பதிவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. சுவிஸ் குடியுரிமைக்குக் கேட்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "அமெரிக்காவே கையிலை இருக்கு, உவையிட்டை ஏன் போய்க் கைகட்டி நிக்கவேணும்?" என்றார் இவர். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. ஆக, பீலில் வளர்ந்து, காலையில் ஜெர்மனும் பின்னேரம் பிரெஞ்சும் பேசி, ஏரியில் நீந்தப் பழகிய என் மகள், காகிதத்தின்படி வதிவிட அனுமதியோடு சுவிஸில் தங்கியிருக்கும் ஒரு அமெரிக்கப் பெண்.

2009 தொடக்கத்தில் நான் வேலை செய்த கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். குர்ட்ஸ்ஆர்பைட் என்று அதற்குப் பெயர். ஆளை நிறுத்தமாட்டார்கள், நேரத்தை வெட்டுவார்கள், குறைந்த சம்பளத்தின் பெரும்பங்கை அரசாங்கக் காப்புறுதி தரும். ஏன் என்று கேட்டால், அமெரிக்காவில் கட்ட வசதியில்லாதவர்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்தார்களாம், அவர்கள் கட்டவில்லையாம், வங்கிகள் விழுந்தனவாம், ஆகவே அங்கே யாரும் இப்போது சுவிஸ் மணிக்கூடு வாங்குவதில்லையாம். எங்கேயோ முன்பின் தெரியாத ஊரில் ஒருவன் வீட்டைவிட்டு எழும்பினால் பீலில் எனக்கு வெள்ளிக்கிழமை வேலை இல்லை. மேற்பார்வையாளர் இதைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். நாங்கள் வெள்ளை அங்கியோடு நின்று தலையாட்டினோம். உலகமயமாக்கல் என்று பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அன்றுதான் அது என் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்து வந்தது.

கிடைத்த ஓய்வு நாட்களை நாங்கள் ஊர்வலங்களுக்குக் கொடுத்தோம். வன்னியில் சனம் கடற்கரையோரம் ஒடுக்கப்பட்டுச் செத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. இவருடைய தங்கை குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தா. பேர்னிலும் ஜெனீவாவிலும் குளிரில் நின்று கத்தினோம். நாளுக்கொரு கதை வரும். அமெரிக்கக் கப்பல் வெளிக்கிட்டுவிட்டதாம், சனத்தை ஏற்றப்போகிறதாம். புதிதாக வந்த ஜனாதிபதி கறுப்பர், அடிபட்டவர்களின் நோவு தெரிந்தவர், விடமாட்டாராம். நியூ ஜேர்சி அண்ணா தொலைபேசியில், "எங்கடை நிறத்திலை ஒருத்தன் வந்திட்டான் தங்கச்சி, இனிப் பார்" என்று சொன்னார். நானும் நம்பினேன். யாரையாவது நம்பாமல் அந்த மாதங்களைக் கடந்திருக்கமுடியாது.

ஒரு கூட்டத்தில் இவர் வழக்கம்போல அந்த வசனத்தைச் சொல்லிவைத்தார். ஒழுங்கமைப்பாளர்களில் ஒருவருக்குக் கண் விரிந்தது.

"அண்ணை, அமெரிக்கப் பிரஜை நேரை வந்து மனுக் குடுத்தால் தூதரகம் வாங்கத்தான் வேணும். அது அவையின்ரை சட்டம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் அவளுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பேர்னில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகும் தெருமுனையில், கூட்டத்துக்கு முன்னால், நீலக் கடவுச்சீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் மனுவை வாசித்தாள். கை வலிக்க வலிக்கக் கடவுச்சீட்டைக் கையிலிருந்து கைக்கு மாற்றினாள். தடைக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சுவிஸ் பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து, நீ எந்த ஊர் பிள்ளை என்று அன்பாகக் கேட்டார். "பீல்" என்றாள். பின்னால் நின்ற இவர் "அமெரிக்கா எண்டு சொல்லு, அமெரிக்கா எண்டு சொல்லு" என்று அவள் முதுகைத் தட்டினார். அவள் திரும்பி, "அவர் எங்கை இருக்கிறாய் எண்டெல்லோ கேக்கிறார், அப்பா" என்றாள்.

பொலிஸ்காரர் மனுவை வாங்கி, சேர்ப்பித்துவிடுவதாகச் சொன்னார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. கப்பலும் வரவில்லை. மே மாதம் எல்லாம் முடிந்தது. இவருடைய தங்கை முள்கம்பி முகாமில் உயிரோடு இருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. தங்கையின் கணவரைப் பற்றித் தகவல் எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகாவது இவர் அந்த வசனத்தை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. எனக்கு அமெரிக்காவின் பெயரைக் கேட்டாலே வயிறு எரிந்தது. இவருக்கோ, அமெரிக்கா வேறு, மகள் பிறந்த அமெரிக்கா வேறு.

மகள் படிப்பு முடிந்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் தொழில் பழகப் போனாள். அறை, வரவேற்பு, உணவுச்சாலை எல்லாம் சுற்றிச் சுற்றிப் பழக்குவார்கள். மலை பார்க்க வரும் அமெரிக்கர்கள் அவளிடம், நீ உண்மையில் எந்த நாடு என்று கேட்பார்களாம். ஒருநாள் சலித்துப்போய் "உங்கள் நாடுதான்" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் நல்ல பகிடி என்று சிரித்துவிட்டு, மீண்டும் கேட்டார்களாம்.

2016இல் அமெரிக்கத் தேர்தல் எங்கள் சமையலறைக்குள்ளேயே நடந்தது. மகளுக்கு வாக்களிக்கும் வயது. பெண் வேட்பாளருக்கு எங்கள் பிரச்சினை தெரியும், அவவுக்குப் போடச் சொல்லுங்கோ என்று தமிழ்ப் பாடசாலை வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்கள். அண்ணாவோ இதற்குள் முழுதாக மாறிப்போயிருந்தார். சுவர் கட்டுவேன் என்றவர்தான் அவருடைய ஆள்.

"வரிசையிலை நிக்காமல் களவாய் வாறவையைத் தடுக்கத்தான் வேணும் தங்கச்சி. நாங்களெல்லாம் முறையாய் வந்தனாங்கள்" என்றார்.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். என் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நானும் வரிசையிலை நிக்கேல்லை மச்சான். லொறியிலை வந்தனான்" என்றார்.

"உங்கடை கதை வேறை" என்றார் அண்ணா.

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. இவர் மிச்சப் பாத்திரத்தைக் கழுவி முடித்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அம்மா இருந்த காலத்திலிருந்தே வாரம் தவறாமல் கதைத்த அண்ணாவோடு இந்தப் பேச்சுக்குப் பிறகு தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் மட்டும்தான் கதை.

இவ்வளவு இழுபறிக்கும் பிறகு, வாக்குச்சீட்டை எப்படி எடுப்பது என்று மகள் விசாரித்தாள். அங்கே குடியிருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் எந்த மாநிலத்தில் வாக்கு என்று முடிவெடுப்பார்களாம். அவள் அங்கே குடியிருக்கவில்லை. தாய் தகப்பனும் குடியிருக்கவில்லை. அவளுக்கு வாக்கு இல்லை என்று பதில் வந்தது. வருடாவருடம் வருமானக் கணக்குக் காட்டும் கடமை மட்டும் இருக்கிறதாம், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும். கணக்குக் கேட்கும்போது நீ எங்கள் பிள்ளை, வாக்குக் கேட்கும்போது நீ யாரோ. நானும் இவரும் இத்தனை வருடம் பீலில் வரி கட்டியும் இங்கே எங்களுக்கும் வாக்கு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், லா ஷோ-து-ஃபோனில் இருக்கும் என் மச்சாளுக்கு அந்த மாநிலச் சட்டப்படி நகரசபைத் தேர்தலில் வாக்கு உண்டு. அவ போடுவதில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் உலகத்தில் எங்கும் வாக்கு இல்லை. ஆனால் அரசியல் கதைத்துச் சண்டை பிடித்து அண்ணாவை இழந்தது நாங்கள்தான்.

அவளுக்கு அரசியலில் அக்கறை இருக்கவில்லை. அவளுக்கு ஒரு கடை வேண்டியிருந்தது.

பீல் நிலையத்திலிருந்து நகரத்துக்குள் நடந்து போகும் வழியில், மூலையில் ஒரு பழைய பேக்கரி இருந்தது. உள்ளே சில மேசைகள் போட்டுத் தேநீரும் கேக்கும் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி. அதை நடத்திய வயதான தம்பதி ஓய்வுபெறப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மகளுக்கு நித்திரை இல்லை. உணவகம் நடத்த மாநிலம் கேட்கும் பரீட்சையை அவள் ஏற்கெனவே எழுதித் தேறியிருந்தாள். காலையில் கோப்பியும் கிப்ஃபெலி என்ற பிறைவடிவ ரொட்டியும், மத்தியானம் எங்கள் ரோல்ஸும் பருப்புச் சூப்பும் சாலட்டும், வெள்ளிக்கிழமைகளில் கொத்து ரொட்டி. ரோல்ஸ் சுற்றுவது என் பொறுப்பு. வேலை முடிந்து வந்து மாவைக் கரைத்து, மெல்லிய தோசை போலச் சுட்டு, உள்ளே எவ்வளவு உறைப்புப் போட்டால் சுவிஸ்காரன் கண்ணீர் விடாமல் சாப்பிடுவான் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். என் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள் அவற்றைச் சாப்பிட்டே நிறை கூடினார்கள்.

பேக்கரித் தம்பதிக்கு அவளைப் பிடித்துவிட்டது. கட்டட நிர்வாகத்திடம் அவளுக்காகச் சொல்லிவைத்தார்கள். நிர்வாகம் ஒன்றைத்தான் கேட்டது: தொழில் கணக்கும் கடனும் ஒழுங்கு செய்ததற்கு வங்கியின் உறுதி வேண்டும், இலையுதிர்காலத்துக்கு முன்.

இங்கேதான் அமெரிக்கா மறுபடியும் வந்தது. பெரும் பணக்கார அமெரிக்கர்கள் சுவிஸ் வங்கிகளில் காசை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று அங்கே பெரிய ஆரவாரம் நடந்திருந்தது. அதற்காக ஒரு சட்டம் போட்டார்கள். உலகத்தில் எந்த வங்கியில் அமெரிக்கப் பிரஜை இருந்தாலும் அந்த வங்கி அவர்களுக்கு அறிவிக்கவேண்டும், தவறினால் தண்டம். சுறாவுக்குப் போட்ட வலை. சுறாக்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டு நெத்தலி அகப்பட்டது. வங்கிகளுக்கு அமெரிக்கர் என்ற சொல்லே தொல்லையாகிவிட்டது. அவளுடைய சம்பளக் கணக்கையே பல பத்திரங்களில் கையெழுத்து வாங்கித்தான் வைத்திருந்தார்கள். தொழில் கணக்கு, கடன் என்று தொலைபேசியில் கேட்டபோது மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

குடியுரிமையைத் துறக்கலாம்தான். துறந்தால் அவள் எந்த நாடும் இல்லாதவள் ஆகிவிடுவாள். முதலில் சுவிஸ் குடியுரிமை வேண்டும். அதற்கு உடனே விண்ணப்பித்தாள். கெமைன்டே என்று நாங்கள் சொல்லும் நகரசபை, பிறகு மாநிலம், பிறகு மத்திய அரசு என்று மூன்று படி. வருடக் கணக்காகும் என்றார்கள். இலையுதிர்காலமோ அடுத்த தெருவில் நின்றது.

ஆகவே எங்கள் ஆட்கள் செய்வதையே செய்தோம். கடை தகப்பன் பெயரில். கணக்குத் தகப்பன் பெயரில், கடன் தகப்பன் பெயரில். மகள் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் முகாமையாளர், அனுமதிப் பத்திரம் அவளுடையது. இதில் பொய்யும் இல்லை, சட்டத்துக்கு விரோதமும் இல்லை என்று விசாரித்தும் பார்த்துக்கொண்டோம். வேறு ஒரு வங்கியில் நேரம் எடுத்தோம். இவருக்கு மகள் ஒரு கிழமையாகப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, கடை ஆற்றை?"

"என்ரை."

"முடிவெடுக்கிறது ஆர்?"

"நான்."

"மகள்?"

"சம்பளத்துக்கு."

"வேறை ஒண்டும் சொல்லாதேங்கோ."

"ஓம் பிள்ளை, எனக்கென்ன விசரே?"

அன்றைக்கு இவர் கோட்டுப் போட்டுக்கொண்டார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி, நல்ல பெண், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. மகள் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. இவர் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பழகிய ஜெர்மனில் அழகாகப் பதில் சொன்னார். கடை என்னுடையது. முடிவு என்னுடையது. கேள்விகள் முடிந்துவிட்டன. அதிகாரி கணினியில் எதையோ பதிந்துகொண்டே, சும்மா பேச்சுக்கு, இந்த வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்க உங்களுக்குப் பெரிய துணிவு என்று இவரைப் பாராட்டினா.

பாராட்டினால் இவருக்குத் தாங்காது.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார் இவர், முகமெல்லாம் மலர்ந்து, ஜெர்மனில். "கடை முழுக்க மகளுடையது. எல்லாம் அவளுடைய மூளை. நான் பெயருக்குக் கையெழுத்துத்தான். மகள் அமெரிக்காவில் பிறந்தவள்."

அதிகாரியின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. மகள் என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்க்கவில்லை, அந்தத் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன். ஏன் மிதிக்கிறேன் என்று புரியாமல் இவர் காலை இழுத்துக்கொண்டு, அதிகாரியிடம் "நியூ ஜேர்சி" என்றும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு நடந்ததெல்லாம் மிகவும் மரியாதையாக நடந்தது. உண்மையான உரிமையாளர் யார் என்பதைப் பதிவது தன் கடமை என்றா அதிகாரி. மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றா. ஒரு மணித்தியாலம் இருக்கவைத்துவிட்டு வந்து, மிகவும் வருந்துகிறோம், இந்த நிலையில் எங்களால் முடியாது என்றா. எழும்பி எங்கள் மூன்று பேருக்கும் கை கொடுத்தா.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நிற்கும்வரை நான் பொறுத்திருந்தேன்.

"உங்களுக்கு வாய் சும்மா இருக்காதோ? அந்தப் பிள்ளை ஒரு கிழமையாய்ச் சொல்லிச் சொல்லித் தந்ததெல்லோ?"

"நான் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். "நல்லதுதானே சொன்னனான்."

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அமெரிக்காவில் பிறந்தவள் என்பது ஒரு குறையாக இருக்கமுடியும் என்பது அவருடைய மண்டைக்குள் போகவேயில்லை. மகள் தடுத்தாள். "விடுங்கோ அம்மா. அப்பா பாவம்." அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவர் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவ்வளவு கோபம் எனக்கு. அவரிடம் மட்டுமா கோபம் என்றால், இல்லை. எங்கேயோ ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கைதூக்கிச் சட்டம் போட்டவர்களிடமும் கோபம். ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் இவர்தான்.

மற்ற வங்கிகளும் கைவிரித்தன. பேக்கரித் தம்பதி தங்களால் முடிந்தவரை கடையைப் பூட்டாமல் இழுத்தார்கள். குளிர்காலம் வந்தது, கிழவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, பூட்டினார்கள். கண்ணாடிக்கு உள்பக்கமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த மூலையால்தான் திரும்பும். தினமும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு போவேன்.

இளவேனிலில் காகிதத்தைக் கழற்றினார்கள். அமெரிக்கக் கோப்பிக்கடைக் கம்பனி ஒன்று. உலகம் முழுக்க ஒரே கதிரை, ஒரே விளக்கு, ஒரே கோப்பை. அமெரிக்கப் பிரஜை ஒருத்தி என்பதற்காக என் மகளுக்குக் கிடைக்காத இடம் அமெரிக்கக் கம்பனிக்குக் கிடைத்தது. இதை நான் தொழிற்சாலையில் சொன்னபோது சுவிஸ்காரி ஒருத்தி, கம்பனி வேறு, ஆள் வேறு என்று எனக்கு விளக்கினாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் விளக்கினாள். அன்றைக்கு என் கையில் மணிக்கூட்டு முள் சரியாக உட்காரவேயில்லை.

அந்தக் கடைக்கு ஆள் தேவை என்று அறிவித்தல் வந்தது. மகள் விண்ணப்பித்துவிட்டு வந்துதான் எங்களுக்குச் சொன்னாள்.

"உனக்கு வெக்கம் இல்லையோ பிள்ளை?" என்றேன்.

"அந்த இடத்திலை கோப்பி ஊத்தவேணும் எண்டு ஆசைப்பட்டனான் அம்மா. ஊத்தத்தானே போறன்" என்றாள்.

சூரிச்சிலிருந்து வந்து நேர்முகம் கண்டவர்கள் அவளுடைய பத்திரங்களைப் பார்த்து மகிழ்ந்துபோனார்களாம். இரண்டு மொழி, ஹோட்டல் தொழில், அதற்கு மேல் பிறந்த இடம் நியூ ஜேர்சி. எங்கள் ஆளே என்றார்களாம். கிளைப் பொறுப்பாளராக எடுத்தார்கள். இதைக் கேட்டதும் இவருடைய முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. "பாத்தீரே, நான் அப்பவே சொன்னனான், அது எங்கையாவது உதவும் எண்டு" என்றார் என்னிடம். நான் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்துச் சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. மகள் சுவிஸ்காரி. இனி நீலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றேன். "இப்ப என்னத்துக்கு அம்மா?" என்றாள். "நானென்ன சொந்தக் கடையே வைச்சிருக்கிறன்?" அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பின்னேரம், சந்தையிலிருந்து வரும் வழியில் அவளுடைய கடைக்கு முன்னால் நின்றேன். உள்ளே போவதில்லை என்று வைத்திருந்தேன், இன்றைக்கும் போவதில்லை. அவள் கையில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். அன்றைய வசூலை வங்கியில் கட்டவேண்டும், கூட வாங்கோ என்றாள். கதைத்துக்கொண்டே நடந்தோம். கதவு திறந்த பிறகுதான் கவனித்தேன், அதே வங்கி. கம்பனியின் கணக்கு அங்கேதான். கட்டவும், கையெழுத்து வைக்கவும் அதிகாரம் என் மகளுக்கு.

உள்ளே அந்த அதிகாரிதான் நின்றா. கொஞ்சம் பதவி உயர்ந்திருந்தா போல. மகளைப் பெயர் சொல்லி வரவேற்றா, பையிலிருந்த காசை எண்ணி எடுக்கச் சொல்லி ஒருவருக்குச் சொன்னா. என்னை அறிமுகப்படுத்தியதும் கை கொடுத்து, உங்கள் மகள் மிகக் கெட்டிக்காரி என்றா. அந்த முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். நடிப்பு இல்லை, சங்கடம் இல்லை. அவவுக்கு எங்களை நினைவே இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் எத்தனையோ இரவு சாப்பாட்டு மேசையில் திரும்பத் திரும்பக் கதைத்த அந்த ஒரு மணித்தியாலம், அவவுக்கு ஒரு வேலை நாளின் ஒரு மணித்தியாலம்.

புறப்படும்போது அவ மகளிடம் ஒரு சிறு பிரசுரத்தை நீட்டினா.

"உங்களைப் போன்றவர்கள் சொந்தமாக ஏதாவது தொடங்கவேண்டும். எப்போதாவது யோசனை வந்தால் முதலில் எங்களிடம் வாருங்கள்."

நான் வாயைத் திறந்தேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதிகாரிக்குச் சிரித்த முகத்தோடு நன்றி சொன்னாள், பிரசுரத்தை வாங்கி வெறுமையான துணிப்பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன் பிள்ளை என்னைக் கதைக்க விடேல்லை?"

"நாளைக்கும் நான் இஞ்சை வரவேணும் அம்மா" என்றாள்.